புதுச்சேரியில் வீடு: ஊருக்குள் பழைய முற்றத்து வீடா, லாஸ்பேட்டை ஃபிளாட்டா?

லாஸ்பேட்டையில் இரண்டாவது மாடி ஃபிளாட் ஒன்றில் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்தோம். உரிமையாளர் அதையே எங்களுக்கு விற்க முன்வந்தார். நாங்கள் வாங்கியதோ ஊருக்குள், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றை. இந்த வீட்டில் நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. "கடல் பக்கத்துல பழைய வீடாச்சே, உப்பு அரிச்சிடாதா?" என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டிலும் இருந்து பார்த்தவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே பல கட்டடங்கள் அரவிந்தர் ஆசிரமத்திடமும் அரசு அலுவலகங்களிடமும் இருக்கின்றன. மீதியில் விலைக்கு வருவது எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டாது.

சுலபமாகத் தெரிவதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருப்பவர்களுக்கு ஃபிளாட்தான் வசதி. எங்கள் தெருவில் சனி, ஞாயிறு வந்தால் வெளியூர் வண்டிகள் வாசலை அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடுகிற நாளில் ஆட்டோகூட உள்ளே வர யோசிக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு லிஃப்ட் பெரிய உதவி. மற்றபடி ஊருக்குள் இருந்தால் காய்க்குப் பெரிய மார்க்கெட், கோயிலுக்கு மணக்குள விநாயகர், காற்று வாங்கக் கடற்கரைச் சாலை என்று எல்லாம் நடை தூரம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள் என்பதால் பிள்ளைகளைக் கையை விட்டு நடத்தலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே ஊருக்குள் இருக்கலாம் என்று என் மனைவி சொல்வாள்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை லாஸ்பேட்டையின் பெரும்பகுதி மேட்டு நிலம். அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் விலை குறைகிறதே என்று கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கம் தரைத்தள ஃபிளாட் பார்ப்பவர்கள் 2024 ஃபெஞ்சல் புயலை மறக்கக் கூடாது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. அன்று எங்கள் தெருவிலும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆனால் திண்ணைக்கு மூன்று படி ஏற வேண்டும். அந்த மூன்று படியை வைத்துக் கட்டியவர்களை அன்றைக்குக் கும்பிட்டேன்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பழைய வீட்டுக்கு எதிராக எல்லோரும் சொல்லும் காரணமும் அதுதான்.

வீட்டைப் பார்க்கப் போனபோது கூடத்துச் சுவரில் இடுப்பு உயரம் வரை ஓதம். பெயின்ட் கொப்பளித்து, விரலால் தொட்டால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்; கரித்தது. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கூட வந்த வில்லியனூர் கொத்தனார் சுவரை உளியால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு சிமென்ட் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பின்னால் செங்கல் ஈரமாக இருந்தது. "தம்பி, சுவரு நல்லாத்தான் இருக்கு. மேல சிமென்ட்ட பூசி மூச்சு முட்ட வெச்சிருக்காங்க" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் வேலை நடந்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. நிலத்திலிருந்து உப்புத் தண்ணீர் செங்கல் வழியாக மேலே ஏறும். கடலோர ஊரின் பழைய வீட்டில் அதை முழுசாகத் தடுப்பது கஷ்டம். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் சுவரின் முகத்தில் வந்து காய்ந்து போய்விடும். உப்பு வெளியே பூக்கும், துடைத்து எடுத்துவிடலாம். சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. அது இன்னும் மேலே ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு இறுகி வீங்கிப் பூச்சையும் உடைக்கும், செங்கல்லையும் அரிக்கும். முந்தைய உரிமையாளர்கள் ஒவ்வொரு முறை உடைந்தபோதும் இன்னும் கெட்டியாக சிமென்ட் பூசியிருக்கிறார்கள். நோயே அதுதான்.

கீழே நான்கடி உயரத்துக்கு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிட்டோம். பிறகு நீற்றிய சுண்ணாம்பில் பூச்சு. இப்போது வருஷம் ஒருமுறை, பொங்கலுக்கு முன், கீழ்ப்பகுதியைத் துடைத்து வெள்ளையடிக்கிறோம். இரண்டு ஆள், இரண்டு நாள் வேலை.

கூரைதான் அதைவிடக் கவனம் கேட்பது. மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் அச்சுக்கல் என்னும் மெல்லிய சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிமிர்த்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த தளம். மேலே தட்டோட்டுச் சந்தில் விரிசல் விட்டால், தண்ணீர் இறங்கிக் கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஊறி மக்கும். வெளியே தெரியாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு கால நகராட்சிக் கட்டடமான மேரி (Mairie) இடிந்து விழுந்ததை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடம் அது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள்.

எங்கள் கூடத்தில் பதினெட்டுக் கட்டைகள். சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் நான்கு பொத்தல் சத்தம் கொடுத்தன. அந்த நான்கை மட்டும் மாற்றினோம். செலவைக் கேட்பவர்களுக்கு: சுவர், கூரை, வயரிங், குழாய் எல்லாம் சேர்த்து, வாங்கிய விலையில் ஏறக்குறைய கால் பங்கு ஆயிற்று.

ஃபிளாட்டில் இந்தத் தொல்லையே கிடையாது என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் உப்புக் காற்று காங்கிரீட்டையும் விடுவதில்லை. உள்ளே கம்பி துரு ஏறிப் பருக்கும்போது மேலே இருக்கும் காங்கிரீட் பிளந்து பெயரும். நாங்கள் இருந்த கட்டடத்துக்கு அப்போது பதினைந்து வயதுதான். ஒரு காலை, பால்கனிக்கு அடியில் தோசைக்கல் அளவு துண்டு கீழே பைக்கின் மேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. சரி செய்ய அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் ஐந்து பேர் வெளியூர். மேல்மாடிக்காரர் மொட்டைமாடி ஒழுகலை முதலில் பார்க்கச் சொன்னார், கீழ்வீட்டுக்காரர் அது தனக்குத் தேவையில்லை என்றார். நாங்கள் காலி செய்து வரும்போதும் அந்த பீமில் கம்பி வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டு இடத்திலும் கடல் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் இங்கே கட்டை மக்கினால் கட்டையை மாற்றலாம், முடிவெடுக்க நான் ஒருவன் போதும். அங்கே தூணும் பீமும் பன்னிரண்டு பேருக்குப் பொது. பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும்வரை துரு காத்திருக்காது. கட்டடம் வயதாகி இடிக்க வேண்டிய நாள் வந்தால் ஃபிளாட்காரருக்கு மிஞ்சுவது பிரிக்கப்படாத நிலத்தில் ஒரு துண்டுப் பங்கு. எங்களுக்கு மனை முழுசாக இருக்கும்.

பத்திரத்தில் மட்டும் ஃபிளாட் தெளிவாக ஜெயிக்கிறது. எங்கள் வீட்டின் தாய்ப் பத்திரம் பிரெஞ்சு காலத்தில் நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் அதிகாரியிடம், பிரெஞ்சில் எழுதியது என்பதால் மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியிருந்தது. வாரிசுகள் ஏழு பேர், இருவர் பிரான்சில். அவர்கள் அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய பவர் பத்திரத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஒரு வாரிசு விட்டுப்போனாலும் பின்னால் வழக்கு வரும் என்பதால் எட்டு மாதம் பொறுத்தோம். வங்கியும் பழைய கட்டடத்துக்கு மதிப்பே போடாமல் மனைக்கு மட்டும் கடன் தந்தது. கையில் ரொக்கம் குறைவாக இருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும், ஃபிளாட் பக்கம் போவதற்கு.

மறுவிற்பனை பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, நான் விற்றதில்லை. தரகர்கள் வந்து கேட்கிறார்கள் என்பது உண்மை. பெரும்பாலும் விடுதி, காபி கடை நடத்துவதற்காக. அந்த விலையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் முகப்பை மாற்ற எளிதில் அனுமதி கிடைக்காது என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பார்க்கப் போவதானால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். சித்திரையில் எல்லாச் சுவரும் காய்ந்து நல்ல பிள்ளையாக நிற்கும். கூடவே ஒரு கொத்தனார், ஒரு சுத்தியல். கட்டையைத் தட்டும்போது நடுவில் தட்டி விட்டுவிடாமல், ஏணி போட்டு ஏறிச் சுவருக்குள் நுழையும் முனையில் தட்டச் சொல்லுங்கள்.