சேலம் மரவனேரியில் வாடகைக்கு வீடு பார்க்கிறீர்களா?

அம்மாப்பேட்டையில் முப்பது வருடம் தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்துவிட்டு, அம்மாவின் மூச்சிரைப்புக்காக மரவனேரிக்கு வாடகைக்கு வந்தோம். ஆறு வருடம் ஆகிறது. முதல் வாரம் அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, ஒரு வீட்டிலயும் தறி ஓடலையா?" என்று கேட்பார். இப்போது உறவுக்காரர் விசேஷத்துக்கு அம்மாப்பேட்டை போனால், சாயங்காலமே "கிளம்பலாம்" என்கிறார்.

தெருவின் இரண்டு பக்கமும் வேம்பும் புங்கையும். சித்திரை வெயிலில் காந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும்போதே உச்சந்தலைச் சூடு இறங்குவது தெரியும். புங்கம்பூ உதிர்ந்து வாசல் கோலத்தின் மேல் கிடக்கும். அம்மா பெருக்க விடமாட்டார். மாடி ஏறினால் வடக்கே சேர்வராயன் மலை. மழை பெய்த மறுநாள் மலையின் பாதிதான் தெரியும், மீதி மேகத்துக்குள்.

இத்தனைக்கும் ஊர் கைக்கெட்டும் தூரம். ஸ்கூட்டரில் பத்து நிமிடத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு. 2023-ல் ஈரடுக்காகத் திறந்தார்களே, அதுதான். மாதச் சாமானுக்கு இன்னமும் செவ்வாய்பேட்டை லீ பஜாருக்கே போகிறேன். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடலாம். காலை நடைக்குக் காந்தி ஸ்டேடியம். ஆகஸ்ட் 15 நெருங்கினால் அங்கே அணிவகுப்பு ஒத்திகை நடக்கும்; அந்த பேண்டு வாத்தியம் எங்கள் வீடு வரை கேட்கும், எனக்குப் பிடிக்கும்.

குறை இருக்கிறது. அம்மாப்பேட்டையில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு வாடகை. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் எங்கள் குழாயில் தினமும் வராது, போர் தண்ணீர் உப்பு. அதனால் தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து ஆழத்தைப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள்.

மனசு ஆறாத விஷயம் வேறு. போன வருடம் பக்கத்து ஓட்டு வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுத்தார்கள். கொல்லையில் பெரிய மல்கோவா மரம் ஒன்று இருந்தது. வீட்டுக்கார அம்மா வருடா வருடம் ஒரு கூடை பழம் கொடுத்தனுப்புவார். காலையில் ரம்பம் வைத்தார்கள், மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சமையலறை ஜன்னலில் நேர் வெயில், அம்மாவின் கட்டிலை வேறு அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இந்தப் பக்கம் பழைய வீடுகள் இப்படி ஒவ்வொன்றாகப் போகின்றன. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால், வீட்டைக் கட்டுமானக்காரருக்குக் கொடுக்கும் எண்ணம் உண்டா என்று சொந்தக்காரரிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வீடு பார்க்கக் காலையில் வராதீர்கள், அப்போது எல்லாத் தெருவும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு வந்து, எந்த வாசலில் நிழல் இருக்கிறது என்று பாருங்கள்.