டிஸ்க் வீசும் கைக்கு ரப்பர் பட்டை: சென்னையில் எவ்வளவு நாள் உழைக்கிறது?

வாரத்துக்கு மூன்று நான்கு நாள் டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிக் கூடையில் விழ வைக்கும் ஆட்டம்) ஆடுபவர்கள் ஒன்றரை வருடமாகப் புழங்கும், உடற்பயிற்சிக்கான தட்டை லேடெக்ஸ் ரப்பர் பட்டையைப் பற்றியது இது. கைப்பிடி மாட்டிய குழாய் வகை அல்ல. மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்களே, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் மாற மாற இறுக்கம் கூடும், அது. தோள் பயிற்சிக்கு, கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. காலுக்குப் போதவே போதாது.

டிஸ்க் ஒன்று 175 கிராம்தான் இருக்கும். அதை வீசியா தோள் வலிக்கிறது என்று கேட்பார்கள். எடையில் ஒன்றும் இல்லை, வேகத்தில்தான் இருக்கிறது. ஃபோர்ஹேண்டில் (வீசும் கைப் பக்கத்திலிருந்தே வீசுவது) கை உள்பக்கமாகச் சுழன்று போகிறது. டிஸ்க் விட்டுப் போன பிறகு அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கச் சிறு தசைகள். பேக்ஹேண்டிலோ (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது) அதே தசைகள் வீச்சுக்கே வேலை செய்கின்றன. எப்படி வீசினாலும் அவற்றுக்கு ஓய்வில்லை. ஜிம்முக்குப் போய் நெஞ்சையும் புஜத்தையும் மட்டும் வளர்ப்பவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

பட்டையை முழங்கை உயரத்தில் சன்னல் கம்பியில் கட்டுங்கள். வீசாத கை சன்னல் பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் நின்று, மறுமுனையை வீசும் கையில் பிடியுங்கள். வீசும் கையின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்று. முழங்கை 90 பாகை மடங்கி, முன்கை வயிற்றை ஒட்டி இருக்கட்டும். அங்கிருந்து வெளிப்பக்கம் இழுக்க ஒரு நொடி, திரும்பி வர மூன்று நொடி. 15 தடவை, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். பலன் அந்தத் திரும்பும் மூன்று நொடியில்தான். பட்டை சுண்டி இழுக்க விட்டுவிட்டால் பாதி வேலை போயிற்று. துண்டு கீழே விழுந்தால் தோளுக்குப் பதில் உடம்பு திரும்புகிறது என்று அர்த்தம். மணிக்கட்டு பின்னால் மடங்கினால் சுமை முன்கைக்குப் போய்விடும். 'பட்டை பிடித்த பிறகுதான் முழங்கை வலியே வந்தது' என்பவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கே தெரியும்.

மஞ்சளில் அல்லது சிவப்பில் ஆரம்பித்தால் போதும். பரவலாகக் கிடைக்கும் வகைகளில் சிவப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் சுமார் 1.7 கிலோ, பச்சை சுமார் 2.1 கிலோ. எடுத்த எடுப்பிலேயே கறுப்பு வாங்கினால் தோள் காதுவரை ஏறும், கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்று மடங்குக்கு மேல் எந்த நிறத்தையும் இழுக்க வேண்டாம்.

முழங்கையின் வெளிப்புற வலிக்குப் பட்டையைவிட ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மேல். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே. மற்றக் கையால் தூக்கிவிட்டு நாலு நொடியில் மெல்ல இறக்குங்கள். உட்புற வலி என்றால் உள்ளங்கை மேலே. சுண்டுவிரல் மரத்துப் போனால் இதெல்லாம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

இனி பட்டையின் ஆயுள். சென்னையில் இது இழுத்து இழுத்துக் கெடுவதைவிட வெயிலிலும் எண்ணெயிலும் கெடுவதுதான் அதிகம். பால்கனிக் கம்பியில் கட்டியபடியே விட்ட பட்டை ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. முடிச்சுக்குப் பக்கத்தில் மயிரிழைக் கீறல் விழுந்து, ஒரு நாள் படாரென்று முகத்தில் அடிக்கும். தேங்காய் எண்ணெய்க் கையும் வலித் தைலம் பூசிய கையும் அதைவிட மோசம். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊறி, பிசுபிசுத்துத் தளர்ந்துவிடும். கடற்கரையில் ஆடிவிட்டு வந்தால் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி டப்பாவில் போடுங்கள். சதுரக் கம்பியில் கட்டுவதானால் பழைய துணியைச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்ட பட்டை ஒன்றரை வருடம் கழித்தும் இழுபடுகிறது, கொஞ்சம் தளர்ச்சிதான்.

கால் விஷயம் வேறு. பெசன்ட் நகர் மணலில் ஓடி வந்து வீசினால் ஊன்றிய பாதம் புதைந்து சுழலாமல் நிற்கிறது. உடம்பு மட்டும் திரும்ப, முறுக்கு முழுவதும் முழங்காலுக்கு வருகிறது. மணலில் நின்றபடி வீசுவதே நல்லது. ஓட்டமெல்லாம் புல்தரையில், குதிகாலில் சுழன்றபடி. அந்த ஊன்றும் காலுக்குப் பலம் வேண்டுமென்றால் ரப்பர் உதவாது, எடைதான். ஒற்றைக் காலில் நின்று, முதுகு வளையாமல் இடுப்பில் குனிந்து ஐந்து லிட்டர் கேனைத் தரைவரை இறக்கி ஏற்றுங்கள், ஒவ்வொரு காலுக்கும் எட்டு தடவை. கேனை வாய்வரை நிரப்பிக்கொள்ளுங்கள். பாதி நிரப்பினால் தண்ணீர் ஆடி ஆளைத் தள்ளும்.