மூன்று வருட போஸ்ட்கிரெஸ், ஒரு நோட்டு, அப்புறம் அந்த 'நல்'

ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகும் நண்பன் போன வாரம் கேட்டான்: "டேட்டாபேஸுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கையும் படிக்கணுமா, எஸ்க்யூஎல் மட்டும் போதுமா?" எஸ்க்யூஎல் என்றால் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி. போனில் அரைமணி நேரம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடமாக என் லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடுகிறது. இலவசம், ஒருமுறைகூடப் படுத்ததில்லை. கூடவே டேபிள்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் கணக்கான ரிலேஷனல் அல்ஜீப்ராவை ஒரு நோட்டில் போட்டுப் போட்டுப் பழகினேன். பெரிய சந்தோஷம் அந்த நோட்டில்தான் கிடைத்தது.

டேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பதால்தான் 'ரிலேஷனல்' என்று பெயர் வந்தது என வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையில் ரிலேஷன் என்பது கணிதம் சொல்லும் உறவு, அதாவது கணங்களின் உறுப்புகளை எல்லா விதத்திலும் சேர்த்துப் பார்க்கும் கார்டீசியன் பெருக்கலின் ஓர் உட்கணம். அக்கா மகள் பத்தாம் வகுப்பில் முதல் பாடமாகப் படிக்கும் அதே 'உறவுகளும் சார்புகளும்'! ஒவ்வொரு டேபிளுமே ஓர் உறவு. சார்பு புரிந்தபின், டேபிளை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் நார்மல் ஃபார்ம் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்கவில்லை. எது எதைத் தீர்மானிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால் டேபிள் தானாகப் பிரிந்துவிடுகிறது.

ஆனால் 'நல்' இருக்கிறதே, மதிப்பே இல்லாத அந்தக் கட்டம்!

அல்சூரில் எங்கள் அபார்ட்மென்டின் மெயின்டனன்ஸ் கணக்கு என் பொறுப்பு. கட்டாத வீடுகளை எடுக்க, 'கட்டியவர் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்கும் 'நாட் இன்' போட்டேன். ஒரு வரிகூட வரவில்லை. எல்லாரும் கட்டிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். செக்ரட்டரி சார் சாயங்காலம் நோட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, 11 வீடு பாக்கி இருக்கே?"

யாரோ யூபிஐயில் அனுப்பிய பணத்துக்கு வீட்டு எண் இல்லை. அந்த ஒரு நல் 11 வீட்டையும் மறைத்துவிட்டது. 204ஆம் வீடு கட்டியவர் பட்டியலில் இல்லையா? 101 அது இல்லை, 102 அது இல்லை, அடுத்து நல். அது 204ஆகவும் இருக்கலாம். எனவே பதில் 'தெரியாது'. உண்மை என்று வரும் வரிகளை மட்டுமே எஸ்க்யூஎல் காட்டும். எரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 'பொருந்தும் வரி ஒன்றுமே இல்லையா' என்று கேட்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றியதும் 11 வீடும் வந்து நின்றன.

நியாயமாகச் சொன்னால், பழியை எஸ்க்யூஎல் மேல் மட்டும் போட முடியாது. விடுபட்ட தகவலுக்கு உண்மை, பொய், தெரியாது என்ற மூன்று மதிப்புத் தர்க்கத்தை 1979இல் அதே எட்கர் காட்தான் எழுதியிருக்கிறார். சரி, அதையாவது ஒழுங்காகப் பின்பற்ற வேண்டாமா? இரண்டு நல் சமமா என்று கேட்டால் 'தெரியாது' என்கிறது. ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் 'டிஸ்டிங்க்ட்' போட்டால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

நண்பா, கணக்கை நாளைக்கே ஆரம்பி. எஸ்க்யூஎல்லுக்கு இன்றைய கோபத்தில் ஐந்துக்கு இரண்டுதான். வீட்டு எண் கட்டத்தைக் காலியாக விட முடியாதபடி 'நாட் நல்' போட்டு, எண் இல்லாமல் வரும் பணத்துக்குத் தனி டேபிள் வைத்துவிட்டுத்தான் நேற்றுப் படுத்தேன்.