வரைஞ்சாச்சே, எழுதவும் வேணுமா?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: “அந்த வரைஞ்சு கண்டுபிடிக்கிற விளையாட்டு செட் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா? எழுத்துக்கு உதவுதுன்னு சொன்னியே?” சொன்னேன்தான். அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும் அல்லவா.

ஆட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவர் வாக்கியம் எழுத, அடுத்தவர் அதை வரைய, மூன்றாமவர் படத்தை மட்டும் பார்த்துத் திரும்ப வாக்கியமாக்க, கடைசியில் ‘மாமா பஸ்ஸைத் துரத்துகிறார்’ என்பது ‘பஸ் மாமாவைத் தின்கிறது’ என்று வந்து நிற்கும். சிரித்து வயிறு வலிக்கும், அதில் குறையே இல்லை. ஆனால் நாலு பேராவது வேண்டும் என்று பெட்டி மேலேயே போட்டிருக்கிறது. காலை பதினொரு மணிக்கு ஹோம்ஸ்கூல் வீட்டில் நாலு பேருக்கு எங்கே போவது? நான், ஒன்பது வயது மகன், ஆறு வயது மகள். அவ்வளவுதான் எங்கள் பள்ளிக்கூடமே. கூட வந்த பேனாக்கள் மூடி போட மறந்தால் காய்ந்துவிடும். ஆறு வயதுக்கு மூடி என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது.

இதெல்லாம் சில்லறை விஷயம். என் நிஜமான கடுப்பு வேறு.

மகனை வாயால் கதை சொல்லச் சொன்னால் நிறுத்த முடியாது. நோட்டை நீட்டினால் தண்ணீர் தாகம் எடுக்கும், பாத்ரூம் வரும். அதற்காகத்தான் படத்தில் ஆரம்பித்தோம். படமும் பிரமாதமாக வரும். ஒருநாள் ஈபி கம்பத்தில் சிக்கிய பட்டம் ஒன்றை வரைந்தான். கம்பியின் தொய்வுகூட அப்படியே இருந்தது. சரி, இதைக் கதையாக எழுது என்றேன். ‘ஒரு பட்டம் மாட்டிக்கிச்சு. முற்றும்.’

“அவ்ளோதானாடா?”

“அதான் வரைஞ்சாச்சே மா.”

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு அதன் கீழே எழுதுவது வெறும் வேலை. ‘முதலில் வரையட்டும், எழுத்து தானாக வரும்’ என்று அடித்துச் சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்ட்டுகள் (கனவு போல விசித்திரமாக எழுதியும் வரைந்தும் வந்த கலைஞர் கூட்டம்) தாளை மடித்து மடித்துக் கைமாற்றி ஆடிய ஆட்டம்கூட முதலில் சொற்களில்தான் தொடங்கியது, படம் பிறகுதான் வந்தது. எங்கள் வீட்டில் படம் வந்ததும் சொல் கிளம்பிவிடுகிறது.

ஆள் பற்றாக்குறைக்கு வழி கிடைத்தது வின்னிகாட்டிடம். இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளர். தன்னிடம் வரும் பிள்ளைகளோடு கிறுக்கல் ஆட்டம் ஆடுவார். அவர் ஒரு கோடு கிறுக்க, பிள்ளை அதை ஏதாவது ஒன்றாக மாற்ற வேண்டும். அடுத்து பிள்ளை கிறுக்க, அவர் மாற்றுவார். அவர் ஆடியது பிள்ளையின் மனதைப் புரிந்துகொள்ள, எழுத வைக்க அல்ல. ஆனால் இரண்டு பேர் போதும், ஒரு பென்சில் போதும். நான் கோணலாக இழுத்த கோட்டில்தான் அந்தப் பட்டத்தின் வால் பிறந்தது.

எழுத்துக்கு வழி பிறந்தது தாத்தாவால். அவர் திருநெல்வேலியில் இருக்கிறார். படத்தை அவருக்கு அனுப்பக்கூடாது. எழுதியதை மட்டும் போனில் வாசிக்க வேண்டும். அதைக் கேட்டு அவர் வரைந்து போட்டோ அனுப்ப வேண்டும். ‘ஒரு பட்டம் மாட்டிக்கிச்சு’ என்று வாசித்ததற்கு அவர் வேப்பமரத்தில் பட்டத்தை வரைந்து அனுப்பினார். பயலுக்கு வந்ததே கோபம்! நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் எழுதினான்: ‘மரம் இல்ல, கரண்டு கம்பம். மூணு கம்பி. நடுக்கம்பியில பட்டம். வால் கிழிஞ்சிருக்கு. ஒரு காக்கா அதையே பாக்குது. அதுக்குப் பட்டம்னா என்னன்னு தெரியல.’

படத்தில் காக்காவே கிடையாது. எழுதும்போது வந்து உட்கார்ந்த காக்கா அது.

அன்றைக்குத்தான் தோழிக்குப் போன் போட்டு அப்படிப் புகழ்ந்து தள்ளினேன். காக்கா தினமும் வரவில்லை. தாத்தாவுக்கு மதியத் தூக்கம், இவனுக்குச் சோம்பல், திரும்பவும் ‘முற்றும்’. நடுவில் என்ஐஓஎஸ் (பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி செய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆக வேண்டும், இன்னும் காலம் இருக்கிறது, தெரியும். ஆனாலும் அந்தத் தேர்வில் யாரும் படம் வரைந்து தப்பிக்க முடியாது.

வாங்கலாமா என்றால், செட் வேண்டாம். ஏ4 தாளை மடித்தாலே போதும், தொலைவில் கொஞ்சம் வரையத் தெரிந்த, ரொம்ப நன்றாக வரையத் தெரியாத தாத்தா ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்துக்கு இரண்டு மார்க். போன வாரம் கேட்டிருந்தால் நாலரை போட்டிருப்பேன். சின்னவளுக்காகப் பேனா மட்டும் புது பாக்கெட் ஆர்டர் போட்டிருக்கிறேன், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.