கருவாடா, தொக்கா, மசாலா மீனா: செட்டிநாட்டு மகளிர் குழுவுக்கு எது கட்டுபடியாகும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மகளிர் குழு ஒன்று மீனை வைத்துத் தொழில் பண்ண நினைத்தால் பெரும்பாலும் மூன்று யோசனைதான் வரும். மசாலா தடவிய பச்சை மீன், கருவாடு, அப்புறம் பாட்டிலில் அடைத்த தொக்கு. என் ஓட்டு தொக்குக்கு, அதுவும் கருவாட்டுத் தொக்குக்கு.

மசாலா மீனில் காசு சீக்கிரம் புரளும். செட்டிநாட்டு மசாலா என்று சொன்னாலே வாங்க ஆள் உண்டு. ஆனால் கடல் நம் ஊரில் இல்லையே, தொண்டிக்கோ கோட்டைப்பட்டினத்துக்கோ ஜெகதாப்பட்டினத்துக்கோ விடியலில் போய் ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வண்டிச் செலவும் ஐஸும் லாபத்தில் பாதியைத் தின்றுவிடும். சூரை, கானாங்கெளுத்தி, சாளை மாதிரி மீன்களை உடனே ஐஸில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்கிற நச்சு உண்டாகும், அது வறுத்தாலும் போகாது. மதியம் கரண்ட் போனால் அன்றைய சரக்கு என்ன ஆகும்? இதற்கு மேல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையைக் கேட்டாலே தலை சுற்றும்.

கண்மாய் மீன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் கோடையில் தண்ணீர் வற்றி ஊத்தா என்கிற மூங்கில் கூடை போட்டுப் பிடிக்கும்போது மொத்தமாக வரும், மற்ற மாதங்களில் குத்தகைக்காரர் வைத்ததுதான் விலை. விரால் உயிரோடு விற்றால்தான் விலை போகும், கெண்டையோ முள் எடுத்து மாளாது. அதை நம்பிப் பட்டறை போட முடியாது.

கருவாடு பிழைக்கத் தெரிந்த தொழில். ஐஸ் வேண்டாம், உப்பும் வெயிலும் போதும். ஆனால் காய வைப்பது கடற்கரைக்காரர்கள் வேலை. பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர், காய்ந்தால் மூன்று நான்கு கிலோ ஒரு கிலோவாகிவிடும், அந்த எடையை இங்கே தூக்கிவந்து காய வைப்பது வீண் கூலி. மழைக்காலத்தில் அதுவும் ஓடாது. காய்ந்ததை அங்கிருந்து வாங்கிச் சுத்தம் செய்து பாக்கெட் போட்டால் பெண்களுக்கு வேலை உண்டு, ஆனால் பக்கத்துக் கடைக்காரர் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தால் அவ்வளவுதான், நம் கருவாட்டுக்கும் அவர் கருவாட்டுக்கும் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. இதற்கு மேல் புரட்டாசியில் நிறையப் பேர் தொடமாட்டார்கள்.

தொக்கில்தான் கைப்பக்குவம் விலையாகிறது. நெத்திலிக் கருவாட்டுத் தலையைக் கிள்ளினால் குடலும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் வெந்நீரில் போட்டு அலசி, வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும், அடியில் ஒரு துளி மண் தெரிந்தாலும் இன்னொரு அலசல். இந்தப் பொறுமை மெஷினுக்கு வராது. வறுக்க, பூண்டு உரிக்க, கிளற, பாட்டில் கழுவ என்று பத்துப் பேருக்குக் கூலி இங்கேயே தங்குகிறது. தடைக்காலத்துக்கு முன்பே கருவாட்டை வாங்கிப் போட்டுவிட்டால் பட்டறை நிற்காது.

இதிலும் வில்லங்கம் உண்டு. நல்லெண்ணெய் மேலே மிதந்தால் கெடாது என்று நம்புவது தப்பு. புளிப்பு பத்தாவிட்டால் காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில் விஷக்கிருமி வளரும். புளி மட்டும் போதும் என்று பாட்டி சொன்னாலும் கடைக்குப் போகிற பாட்டிலுக்கு வினிகர் சேருங்கள், புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.5-க்குக் கீழே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் கட்டாயம்.

முதலீட்டுக்கு, சிறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் 35 சதவீத மானியமும், குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் என்று விதி வைத்தது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியத்தை நம்பிப் பெரிய மெஷின் வாங்கவேண்டாம், முதலில் இரண்டு அடுப்பும் ஒரு மிக்ஸியும் போதும். வாடகைக்கு இடம் பிடிப்பது அதைவிடக் கஷ்டம், கருவாடு வறுக்கிற வாடைக்கு அக்கம்பக்கம் சண்டைக்கு வரும், ஊருக்கு வெளியே ஷெட் பாருங்கள். கடன் கேட்கிற கடைக்கு முதல் ஆறு மாதம் சரக்கே போடாதீர்கள்.