பிளாஸ்மாவுக்குக் காசு: டெக்சாஸ், ஜெர்மனி, நம்ம ஹைகிரவுண்டு

"மாமா, எங்க ரூம்ல ரெண்டு பேரு வாராவாரம் பிளாஸ்மா குடுத்துட்டு வாரானுவ. டாலர் அப்படியே கார்டுல ஏறிருது. நானும் போகட்டா?" டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிற என் தங்கை மகன் கேட்டது இது. தங்கை காதுக்கு விஷயம் போனதும், "ரத்தத்த வித்துத் திங்கிற கெதி என் பிள்ளைக்கு வரலண்ணே, வேண்டாம்னு சொல்லு" என்று பொங்கிவிட்டாள். பாளையங்கோட்டை, பேட்டை, வள்ளியூர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் படிக்கிறார்கள். இந்தக் கேள்வி பல வீடுகளில் வந்திருக்கும். பிளாஸ்மா என்பது இரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தால் மிஞ்சுகிற மஞ்சள் நீர். அதனால் அங்கே காசுக்குக் கொடுப்பது எப்படி, இங்கே நம்ம பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கொடுப்பது எப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கை நினைக்கிற அளவுக்கு இதில் இழிவு எதுவும் இல்லை. மருமகன் நினைக்கிற அளவுக்கு, சட்டம் விடுகிறதே என்று வாராவாரம் போய் உட்காரவும் கூடாது.

இழிவு இல்லை என்று ஏன் சொல்கிறேன்? அந்தப் பிளாஸ்மா போகிற இடத்தைப் பாருங்கள். இரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயுள்ள பிள்ளைகளுக்குப் போடுகிற பேக்டர் 8-இல் ஒரு வகை, எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்தவர்களுக்கான இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரதம், தீக்காயத்துக்கும் ஈரல் நோய்க்கும் ஏற்றுகிற ஆல்புமின், நெகட்டிவ் குரூப் தாய்மார்களுக்குப் பிரசவம் முடிந்ததும் போடுகிற ஆன்டி-டி ஊசி, நாய்க்கடிக்குப் போடுகிற ரேபிஸ் இம்யூனோகுளோபுலினில் மனித வகை, எல்லாம் மனிதப் பிளாஸ்மாவிலிருந்து வருபவை. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருந்து தயாரிக்க ஏறத்தாழ 130 முறை எடுத்த பிளாஸ்மா வேண்டியிருக்கிறது. உலகத்துக்கு மருந்தாகப் போகிற பிளாஸ்மாவில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. காசு கொடுத்து எடுப்பதால்தான் அவ்வளவு சேருகிறது.

இந்தியாவில் காசுப் பேச்சே கிடையாது

உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் கொடுத்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் இரத்தம் விற்பதற்குத் தடை. பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் இதில் அடக்கம். இரத்த வங்கி நோயாளியிடம் வாங்குவது பரிசோதனைக்கும் பதப்படுத்துவதற்கும் ஆகிற கட்டணம் மட்டுமே. கொடுப்பவர் கைக்குக் காசு வரக் கூடாது. ஆகவே ஆஸ்பத்திரி வாசலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒருத்தர் "பிளாஸ்மா குடுத்தா இவ்வளவு தாரோம்" என்று சொன்னால் அவர் தரகர்தான். அங்கே பேரம் பேசி நிற்காதீர்கள்.

அந்தத் தடைக்குக் காரணம் இருக்கிறது. காசுக்காக வருகிறவர் மஞ்சள் காமாலை வந்ததை மறைப்பார், போன வாரம் கொடுத்ததை மறைப்பார். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1990-களில் ஏழை விவசாயிகளிடம் காசு கொடுத்துப் பிளாஸ்மா எடுத்தார்கள். பல பேருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து, பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு, மிச்சச் சிவப்பணுக்களை அவர்களுக்கே திருப்பி ஏற்றினார்கள். ஊர் ஊராக எச்.ஐ.வி. பரவியது. இன்று முறையான மையங்களில் ஒருவருக்கு ஊசியும் குழாயும் அடங்கிய ஒரு கிட், ஒரு தடவையோடு அது குப்பைக்கு. அந்த உறையை உங்கள் கண்முன்னால் பிரிக்கிறார்களா என்று எந்த நாட்டில் கொடுத்தாலும் பாருங்கள்.

டெக்சாஸ் நாற்காலி

அமெரிக்க மையத்தில் முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அடையாள அட்டை, உள்ளூர் முகவரி, பெரும்பாலும் நம்ம ஆதார் மாதிரி சோஷியல் செக்யூரிட்டி எண், நீண்ட கேள்வித்தாள், உடல் பரிசோதனை. எடை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு தடவையும் விரலில் குத்தி, இரத்தத்தில் புரதம் 100 மில்லிக்கு 6 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னொரு மையத்திலும் போய்க் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சில இடங்களில் விரலில் மை வைப்பார்கள். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, புற ஊதா விளக்கில் தெரியும்.

பிறகு நாற்காலி. ஒரு கையில்தான் ஊசி. கையில் கட்டிய பட்டை இறுகும்போது இரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது, அது பிளாஸ்மாவைப் பிரித்துக்கொள்கிறது, பட்டை தளரும்போது சிவப்பணுக்கள் திரும்பி வருகின்றன. இப்படிப் பல சுற்று. பக்கத்தில் தொங்குகிற பாட்டிலில் பிளாஸ்மா நல்லெண்ணெய் மாதிரி மஞ்சளாகச் சேரும். முந்தின ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனால் அது பால் மாதிரிக் கலங்கிவிடும். கொழுப்பு மிதக்கிற பிளாஸ்மாவைக் கழித்துவிடுவார்கள். முட்டை, பயறு, சுண்டல் மாதிரிப் புரதச் சாப்பாடும் நிறையத் தண்ணீரும்தான் அன்றைக்கு வேண்டும். வெறும் வயிற்றில் போவது மயக்கத்தை விலைக்கு வாங்குவது.

இரத்தம் உறையாமல் இருக்க இயந்திரம் சிட்ரேட் சேர்க்கிறது. சிவப்பணுக்களோடு அதில் கொஞ்சம் உடம்புக்குள் வந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதடும் விரல் நுனியும் கிறுகிறு என்று மரத்தால் அதுதான் காரணம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராமல் உடனே சொல்ல வேண்டும், வேகத்தைக் குறைப்பார்கள். கடைசியில் உப்புநீர் ஏற்றும்போது உடம்பு சில்லென்று நடுங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். இயந்திரம் நடுவில் பழுதாகி சிவப்பணுக்கள் திரும்பாமல் போனால் அது முழு இரத்தம் கொடுத்ததற்குச் சமம். எட்டு வாரம் வரைக்கும் திரும்ப விட மாட்டார்கள். மாத வரவில் இந்தக் காசை நம்பி வாடகைக்குக் கணக்குப் போட்டவனுக்கு அங்கேதான் இடிக்கும்.

தொகை ஊருக்கு ஊர் மாறும். ஒரு தடவைக்கு 30 முதல் 70 டாலர் என்பது வழக்கம். புதிதாக வருகிறவருக்கு முதல் மாதம் அள்ளிக் கொடுப்பதாக விளம்பரம் இருக்கும், பிறகு குறையும். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை வந்தால் கூடுதல் என்பதும் அவர்கள் வைத்திருக்கிற இழுப்பு. ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டுத் திரும்பாதவருடைய பிளாஸ்மா மருந்துக்குப் போகாது. ஆறு மாதத்துக்குள் இரண்டாம் முறையும் பரிசோதனையில் தேற வேண்டும். அதனால்தான் முதல் மாதத்தில் அவ்வளவு தூண்டில்.

ஒரே உடம்பு, நாலு கணக்கு

நான் மருமகனிடம் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். அமெரிக்காவில் காசுக்கு எடுக்கிற மையம் ஏழு நாளில் இரண்டு தடவை எடுக்கலாம். ஆண்டுக்கு 104 வரை போகும். எடையைப் பொறுத்து ஒரு தடவைக்கு 625 முதல் 800 மில்லி வரை பிளாஸ்மா என்பது அங்கே பல காலமாக இருக்கிற அட்டவணை. அதே அமெரிக்காவில் காசு தராத செஞ்சிலுவைச் சங்கம் பிளாஸ்மா எடுப்பது 28 நாளுக்கு ஒரு தடவை, ஆண்டுக்கு 13. ஜெர்மனியில் ஆண்டுக்கு 60, ஆஸ்திரியாவில் 50. நம் இந்திய விதி ஒரு தடவைக்கு 500 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாதம் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்கிறது.

உடம்பு ஒன்றுதான். ஒரு நாட்டில் 104 தடவை தாங்கும், இன்னொரு நாட்டில் 24 தடவைதான் தாங்கும் என்று அதற்குத் தெரியுமா? போன நீர் ஒன்றிரண்டு நாளில் ஊறிவிடும். புரதமும் இம்யூனோகுளோபுலினும் அப்படி ஊறுவதில்லை. அடிக்கடி கொடுப்பவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் அளவு இறங்குவது தெரிந்த விஷயம். நாலு மாதத்துக்கு ஒரு முறை தனியாகப் புரதப் பகுப்பாய்வு செய்ய வேண்டும் என்று அமெரிக்க விதியே சொல்வது அதற்காகத்தான். முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி நரம்பில் தழும்பு ஏறுவதும் உண்டு.

ஆகவே கொடுக்கிறதென்றால் அமெரிக்க மையத்தில் இந்தியக் கணக்குக்குக் கொடு என்றேன். மாதம் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். பரீட்சை வாரத்தில் வேண்டாம். சளி, காய்ச்சல் அடிக்கடி வர ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். காசு குறையும், ஆனால் தொடர்ந்து கொடுக்கிறவனுக்குப் பாதுகாப்பு அதுதான்.

விசா விஷயத்தில் விளையாடக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர் இந்தக் காசை வாங்கலாமா என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் போக வேண்டும். கூட இருக்கிறவன் போகிறான் என்பது பதில் ஆகாது. வருமான வரியிலும் இது வருமானம்தான். மகள் பிரசவத்துக்கு என்று சுற்றுலா விசாவில் போகிற அம்மா அப்பாக்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். மெக்சிகோவிலிருந்து அந்த விசாவில் வந்து பிளாஸ்மா கொடுத்தவர்களை 2021-இல் எல்லை அதிகாரிகள் தடுத்தார்கள். 2022-இல் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. வழக்கு வரை போன சமாச்சாரத்தில் நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்?

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து புதிதாகப் போனவரிடம் மூன்று ஆண்டு வரை முழு இரத்தம் வாங்குவதில்லை என்பது அமெரிக்காவில் இருந்துவருகிற விதி. மலேரியாக் கிருமி சிவப்பணுவில்தான் இருக்கும். மருந்துக்குப் போகிற பிளாஸ்மாவுக்கு அந்த விதி இல்லை. அதனால் இங்கே கல்லூரி முகாமில் தவறாமல் இரத்தம் கொடுத்துப் பழகிய பிள்ளைக்கு, அங்கே போன புதிதில் திறந்திருக்கிற கதவு பிளாஸ்மா மையம் ஒன்றுதான்.

ஜெர்மனி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரத்ததானம் இலவசமாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வந்து போகிற செலவுக்கும் நேரத்துக்கும் ஈடு என்று ஒரு தொகை தருவார்கள், சுமார் 20 முதல் 30 யூரோ. எடையைப் பொறுத்து 650 முதல் 850 மில்லி. தூண்டில் விளம்பரம் குறைவு, தொகையும் குறைவு. கேள்வித்தாளை ஜெர்மனில் நீங்களே படித்துப் புரிந்து பதில் எழுத வேண்டும் என்று பல மையங்கள் கேட்கும். மொழி வராமல் போய் நிற்காதீர்கள். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஜெர்மனியைத்தான் சொல்வேன்.

இங்கே இருப்பவர்களுக்கு

ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முழு இரத்தம் கொடுத்தால் கையில் வருவது பிஸ்கட்டும் ஜூஸும் ஒரு சான்றிதழும். 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் 450. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். இரும்புச் சத்து பிளாஸ்மா கொடுப்பதைவிட இதில்தான் அதிகம் போகும், அதனால்தான் இவ்வளவு இடைவெளி. நீங்கள் கொடுத்த ஒரு பையைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்து வெவ்வேறு நோயாளிகளுக்குக் கொடுக்க முடியும். அதில் பிளாஸ்மா 200 மில்லி அளவுக்கு இருக்கும். நோயாளிகளுக்குப் போக மிஞ்சுவதை மருந்துக் கம்பெனிக்கு அனுப்பவும் நம் நாட்டில் வழி உண்டு. ஆக, பிளாஸ்மாதானம் என்று தனியாகத் தேடி அலைய வேண்டாம், முழு இரத்தத்திலேயே அது அடங்கியிருக்கிறது.

இயந்திரத்தில் உட்கார ஆசைப்படுகிறவர்கள், அந்த வசதி உள்ள இரத்த மையத்தில் பிளேட்லெட் கொடுக்கலாம். டெங்கு அதிகமாகிற மழை மாதங்களில் வாட்ஸ்அப் குழுக்களில் "அவசரம்" என்று ஓடுவதில் பாதி இதற்குத்தான். 50 கிலோவுக்கு மேல் எடை, நல்ல நரம்பு, இரண்டு மணி நேரம் பொறுமை வேண்டும். டெக்சாஸில் செய்கிற வேலையும் இதுவும் ஏறக்குறைய ஒன்று. இங்கே யாருக்குப் போகிறது என்பது அன்றைக்கே தெரியும். தென்காசியிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ குழந்தையோடு வந்து வராந்தாவில் நிற்கிற அப்பாவுக்குப் போகும். ஆயிரம் ரூபாய் கொடுத்தால் இதன் மதிப்புக் கூடும் என்று நான் நினைக்கவில்லை.

பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு, டெங்கு வந்து குணமானால் ஆறு மாதம், மலேரியா என்றால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி வந்தவர்கள் எப்போதும் கொடுக்கக் கூடாது. எச்.ஐ.வி. இருக்குமோ என்ற சந்தேகத்தில், சும்மா டெஸ்ட் ஆகிவிடுமே என்று இரத்தம் கொடுக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். தொற்று ஏற்பட்ட புதிதில் பரிசோதனையில் தெரியாது, அந்தப் பை நேராக இன்னொருவர் உடம்புக்குள் போய்விடும். அந்தச் சந்தேகம் உள்ளவர் அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்துக்குப் போக வேண்டும். பரிசோதனைக்குக் காசு கிடையாது, விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.