கை தூக்கினால் கண் இருட்டியது: பேஸ்மேக்கருடன் ஒன்பது வருடம்

எனக்கு முழுமையான ஹார்ட் பிளாக். இரத்தக் குழாய் அடைப்பு வேறு, இது வேறு. மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்துடிப்பு இறங்காது. இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் அது உள்ளே இருப்பதே நினைவில்லை.

ஏழாவது வருடம், மாடிக் கொடியில் துணி போடக் கை தூக்கும்போதெல்லாம் கண் இருட்டியது. ஒருநாள் வாளியோடு சரிந்துவிட்டேன். செக்கப்பில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். "பேட்டரி நல்லா இருக்கும்மா, பித்தமா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வீணாய்ப் போனது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் போன இடத்தில் டெக்னீஷியன் பெண் முதலில் கேட்டதே, "மயக்கம் வந்தப்போ கை எங்கம்மா இருந்துச்சு?" என்றுதான். பேஸ்மேக்கரை வெளியிலிருந்து படிக்கும் புரோகிராமர் என்ற கருவியின் தலைப்பகுதியை மார்பில் வைத்து, உள்ளங்கைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னார், இடக்கையைத் தூக்கிச் சுழற்றச் சொன்னார். திரையில் புல் முளைத்த மாதிரி நெருக்கமான கோடுகள். அந்த இரைச்சலை என் இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு கருவி தூண்டுவதை நிறுத்திவிட்டது. சொந்தத் துடிப்பை நம்ப முடியாத எனக்கு நான்கு விநாடி ஒன்றுமே இல்லை. இதுதான் ஓவர்சென்சிங். இருக்கும் துடிப்பைக் காணாமல் வீணாகத் தூண்டினால் அது அண்டர்சென்சிங்.

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே லீட், அதாவது பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி, நசுங்கி, உள்கம்பி விரிசல் விட்டிருந்தது. லீடின் மின்தடை சாதாரணமாகச் சில நூறு ஓம்தான் இருக்கும். கை தூக்கியதும் எனக்கு 2000-ஐத் தாண்டியது, படுத்தால் பழையபடி. முதல் செக்கப்பில் தெரியாமல் போனது இதனால்தான்.

கம்பி நன்றாக இருந்து, மார்புத் தசையின் மின்சாரம் மட்டும்தான் காரணம் என்றால் சென்சிடிவிட்டி எண்ணைக் கூட்டினாலே பலருக்குச் சரியாகிவிடுமாம். எண் கூடினால் கருவியின் கூர்மை குறையும், சின்ன இரைச்சல் அதற்குக் கேட்காது. எனக்கு அது போதவில்லை. எதையும் கவனிக்காமல் நிமிடத்துக்கு 70 முறை தூண்டும்படி மாற்றி, மானிட்டரோடு வார்டில் வைத்திருந்து, மூன்றாம் நாள் புது லீட் போட்டார்கள். ஐசிடி (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்தவர்களுக்கு இதே கோளாறு வந்தால் தேவையில்லாத ஷாக் அடிக்கலாம் என்றும் சொன்னார்கள். அவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது ஒவ்வொரு செக்கப்பிலும் கையைத் தூக்கவைத்துப் பார்க்கச் சொல்லி நானே கேட்கிறேன், மின்தடையையும் எழுதி வாங்குகிறேன். போன முறை 560 ஓம். கை தூக்கியபோதும் அதே 560.